செவலையும் கருப்பியின் இரண்டாம் கன்றும்

"சாமியம்மா, என் மனசுல ஒரே ஒரு ஏக்கம் கெடக்குது. அதை மட்டும் எடுத்துடுங்க. மத்ததையெல்லாம் நானே பாத்துக்கறேன்."

மடத்துக்கு வந்து மயிலாத்தாள் பேசிய முதல் பேச்சே இதுதான். தோளில் மாட்டியிருந்த துணிப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

சாமியம்மா சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் எல்லாம். மயிலாத்தாளைவிட ரொம்பவே இளையவர். தலையில் ஒரு நரை இல்லை. ஆனாலும் மனசு கனத்துப்போனவர்கள் அவரைத் தேடித்தான் அந்த மேட்டு வழியில் ஏறி வந்தார்கள்.

"என்ன ஏக்கம்க்கா?"

"எம்புருசனுக்கு நான் ரெண்டாந்தாரமுங்க. நான் அந்த வீட்டுக்கு வந்தப்ப மொதத் தாரத்துப் புள்ள சுகந்திக்கு ஏழு வயசு. எனக்குன்னு ஒண்ணு பொறக்கலை. அதைத்தான் வளத்தேன். அன்னைக்கு என்னைச் சின்னம்மான்னு கூப்புட்டா. இன்னைக்கு அவளே பெரிய மனுசியாயிட்டா. இன்னும் சின்னம்மாதான்."

"சின்னம்மான்னா தப்பா?"

"தப்பில்லீங்க. முன்னாடி நிக்குதே ஒரு 'சின்ன', அதை எடுத்துட்டு ஒரு தடவையாச்சும் கூப்புட மாட்டாளான்னு..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சாமியம்மா கத்தியை நிறுத்தவில்லை. மயிலாத்தாள்தான் மறுபடியும் பேசினாள்.

சுகந்திக்குக் கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்துத்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. போன வாரம் மாப்பிள்ளை வீட்டில் ஒன்பதாம் மாச வளைகாப்பு. பெற்றவளின் படத்துக்கு மாலை போட்டு நாற்காலியில் வைத்திருந்தார்கள். முதல் வளையலை அந்தப் படத்தின் முன்னால் வைத்து எடுத்துத்தான் சுகந்தி போட்டுக்கொண்டாள். மயிலாத்தாள் கை நிறைய வளையலோடு ஓரமாக நின்றாள். எல்லாம் முடிந்தால் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது முறை.

"அவ வர்றேன்னு சொல்லலை. நானும் கேக்கலைங்க. எம்புருசனும் இப்ப இல்லை, வீட்டைப் பூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

சாமியம்மா நறுக்கிய தட்டைக் கூடையில் அள்ளினார்.

"ஏக்கத்தை எடுக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதுக்கா. உங்களுக்கு மாடு பாக்கத் தெரியுமா?"

"தெரியுமுங்க. மாட்டோடவே பொறந்து வளந்தவதான்."

"ரெண்டு மாடு நிறைசினையா நிக்குது. வாங்க."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மயிலாத்தாள் பையோடு பின்னால் போனாள்.

*

செவலை சாதுவான மாடு. கருப்பி கொஞ்சம் முரடு, ஆனால் பால் வளம் அதிகம். இரண்டுக்கும் பாலை வற்றவிட்டு மடிக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். இப்போது மடி மறுபடி கனக்கத் தொடங்கியிருந்தது.

மயிலாத்தாள் மனசு எங்கேயோ இருந்தாலும் கைக்கு வேலை தெரிந்திருந்தது. மாடு கட்டும் கட்டுத்தறியைக் கழுவிச் சுண்ணாம்பு தூவினாள். வெயிலில் காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினாள். மற்ற மாடுகள் முட்டிவிடாதபடி சினை மாடுகள் இரண்டையும் தனியாகப் பிரித்துக் கட்டினாள். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருந்ததைப் பார்த்து அதற்குள்ளேயே இறங்கித் தேய்த்தாள்.

தினமும் காலையில் சாமியம்மா வந்து எட்டிப் பார்ப்பார். மயிலாத்தாள் காத்துக்கொண்டிருப்பாள்.

"சாமியம்மா, நான் அன்னைக்குக் கேட்டதுக்கு ஒரு பதில்..."

"கருப்பி தண்ணி குடிச்சாளா?"

"குடிச்சாளுங்க."

"ம்."

அவ்வளவுதான். போய்விடுவார்.

இன்னொரு நாள்.

"எனக்கு ஒரு மந்திரமாச்சும் சொல்லிக் குடுங்க. அதைச் சொல்லிக்கிட்டே இருந்தா மனசு அடங்குமில்லீங்களா?"

"செவலைக்கு வாலடி குழைஞ்சிருக்குது பாருங்க. இனி எந்நேரமும் ஆகலாம். கிட்டயே இருங்க."

மயிலாத்தாளுக்குக் கோபம்கூட வந்தது. வேலைக்கு ஆள் கிடைக்காமல்தான் தன்னை இங்கே நிறுத்திவிட்டாரோ என்று நினைத்தாள். ஆனாலும் செவலையை விட்டு நகரவில்லை.

*

செவலைக்கு விடிந்ததும் வலி கண்டது. படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். பனிக்குடம் உடைந்து வெகு நேரமாகியும் ஒரு கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மயிலாத்தாள் ஓடிப்போய்ச் சொன்னாள். சாமியம்மா மாட்டு டாக்டர் முத்துவேலுக்குப் போன் செய்தார்.

டாக்டர் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தார்.

"தலை பின்னாடி திரும்பிக் கெடக்குது."

வெகுநேரம் போராடித் தலையை நேராக்கி வெளியே எடுத்தார். நல்ல வளர்ந்த கன்று. ஆனால் மூச்சில்லை. மூக்கைத் துடைத்தார். வைக்கோல் ஒன்றை மூக்குக்குள் விட்டுச் சீண்டினார். நெஞ்சை அமுக்கி அமுக்கி விட்டார். கடைசியில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"தாய்க்கு ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கறா. கன்னு உள்ளேயே போயிருச்சு."

செவலை திரும்பிக் கன்றை நக்கத் தொடங்கினாள்.

நெற்றியை நக்கினாள். காதுகளை நக்கினாள். சவ்வையெல்லாம் வழித்தெடுத்து முதுகை உலர்த்தினாள். மயிலாத்தாளால் பார்க்க முடியவில்லை.

"எடுத்துடலாமுங்களா சாமியம்மா?"

"அவ முடிக்கட்டும்."

வால் நுனிவரை நக்கி முடித்துவிட்டு செவலை கன்றைக் கூப்பிட்டாள். வாயைத் திறந்து கத்தவில்லை. மூடிய வாயோடு, தொண்டைக்குள்ளேயே உருளும் ஒரு சத்தம். அப்போதுதான் பிறந்த கன்றிடம் மட்டும் மாடு பேசுகிற பேச்சு அது. கூப்பிட்டுவிட்டுப் பொறுத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டாள்.

வெயில் ஏறியபிறகு அவளாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம்தான் சாமியம்மா கன்றைத் தூக்கினார். வேலியோரம் குழி தோண்டி இருவரும் புதைத்தார்கள்.

திரும்பி வரும்போது மயிலாத்தாள் கேட்டாள்.

"அவளுக்கு மட்டும் ஏக்கம் போயிருமுங்களா?"

சாமியம்மா மண்வெட்டியைக் கழுவினார்.

*

சில நாள் கழித்துக் கருப்பியின் முறை.

அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. காலைக் கறவை முடிகிற நேரத்தில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கருப்பி பரபரவென்று நக்கினாள். மயிலாத்தாள் தொப்புள்கொடியைக் கட்டி, மிச்சத்தை அறுத்து, அயோடின் மருந்தில் முக்கினாள். கன்று தள்ளாடி எழுந்ததும் சீம்பால் ஊட்டக் காம்பில் பிடித்துவிட்டாள். அவள் முகத்தில் வந்த நாளிலிருந்து இல்லாத ஒரு தெளிச்சி.

"சாமியம்மா! கிடேரிக் கன்னு! நல்லா நிக்குது!"

சொல்லி வாய் மூடவில்லை. கருப்பி மறுபடி முக்கினாள். கால்கள் பின்னிக்கொண்டன. அப்படியே சரிந்து படுத்தாள்.

இன்னொரு கன்று வந்து விழுந்தது. இதுவும் பெண் கன்றுதான். முதல் கன்றில் முக்கால் பங்குதான் இருந்தது.

கருப்பி திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு கண் செருகிக் கிடந்தாள். மயிலாத்தாள் காதைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"பால் காய்ச்சலுங்க சாமியம்மா! டாக்டரைக் கூப்புடுங்க!"

டாக்டர் போனிலேயே சொன்னார். "வாயில ஒண்ணும் ஊத்திராதீங்க, புரையேறிடும். ஒருச்சாய்க்க விழ விடாம நிமித்தி உக்கார வைங்க. இதோ வந்துட்டேன்."

இருவருமாக வைக்கோல் மூட்டைகளை முட்டுக் கொடுத்துக் கருப்பியை நிமிர்த்தினார்கள். இரண்டாவது கன்று ஈரத்தோடு ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் அதன் மூக்கைத் துடைத்தாள். கோணிச்சாக்கால் தேய்த்தாள். போதாதென்று முந்தானையாலும் துடைத்தாள். ஒரு கிண்ணத்தில் சீம்பாலைப் பீய்ச்சி விரலைச் சப்ப வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள்.

டாக்டர் வந்து கழுத்து நரம்பில் ஊசியைச் செருகிக் கால்சியம் பாட்டிலை மெதுவாக ஏற்றினார். ஒரு கையால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இதயத் துடிப்பைக் கவனித்தபடியே இருந்தார். அவசரப்படவே இல்லை. பாட்டில் முடிகிற சமயத்தில் கருப்பியின் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. ஏப்பம் விட்டாள். சாணி போட்டாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நின்றாள்.

"உடம்புல இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்கு எறங்கிருச்சு," என்றார் டாக்டர். "ரெண்டு மூணு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்காதீங்க. பாதியோட விட்டுருங்க."

மயிலாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்புறம் இரண்டு கன்றுகளையும் கருப்பியிடம் விட்டாள். கருப்பி முதல் கன்றை நக்கினாள். இரண்டாவதை மோந்தாள். இன்னொரு தடவை மோந்தாள். தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு.

கன்று போய்ச் சுவரோரம் விழுந்தது.

"அட பாவி! உன் கன்னுதான்டி!"

"அது பொறந்தப்ப அவளுக்கு நெனவில்லையேக்கா," என்றார் சாமியம்மா.

மயிலாத்தாள் கன்றைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டுத்தறியில் செவலை நின்றுகொண்டிருந்தாள். மடியில் பால் கட்டியிருந்தது. அன்றிலிருந்து தினமும் வேலியோரத்தைப் பார்த்துப் பார்த்து நின்றவள்.

இருவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

"நான் சேத்து வெக்கறேனுங்க," என்றாள் மயிலாத்தாள். அந்தக் குரலில் வைராக்கியம் இருந்தது.

*

அது அவ்வளவு சுலபமாக இல்லை.

செவலை சாதுதான். ஆனால் அந்தக் கன்றைக் கிட்டே விட்டால் உதைத்தாள். அவள் தேடியது வேறு வாசனை.

மயிலாத்தாள் கன்றின் முதுகில் உப்பும் தவிடும் தூவினாள். செவலை நாக்கை நீட்டி நக்கினாள். மயிலாத்தாள் சந்தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உப்புத் தீர்ந்தது. செவலை நாக்கையும் எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் செவலையின் பின்னங்கால்களை மெத்தென்ற கயிற்றால் கட்டி, கன்றைக் காம்பில் பிடித்துவிட்டாள். காலையிலும் மாலையிலும் அப்படித்தான். செவலை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கன்று குடிக்கும். குடித்து முடித்ததும் மயிலாத்தாள் கன்றைப் பிடித்துக்கொண்டு போவாள். செவலை திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஒரு நாள் மயிலாத்தாள் நேராகச் சாமியம்மாவிடம் போனாள்.

"பால் குடுக்கறாளுங்க. ஆனா ஒருக்காகூட நக்கலை. மொகத்தைத் திருப்பவே மாட்டேங்கறா."

"கன்னுக்கு வயிறு நிறையுதா?"

"நிறையுதுங்க."

"நடமாடுதா?"

"துள்ளுதுங்க."

"அப்ப யாருக்குக்கா போதலை?"

மயிலாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எனக்குங்க," என்றாள்.

சாமியம்மா தலையை ஆட்டினார். கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.

*

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கன்றுக்குக் கழிச்சல் கண்டது.

வெள்ளையாகப் பீய்ச்சிக்கொண்டு போனது. ஒரே பகலில் கண் உள்ளே போய்விட்டது. தோலைப் பிடித்து இழுத்தால் இழுத்தபடியே நின்றது. டாக்டர் வந்து ஊசி போட்டார்.

"மத்த கன்னுக பக்கம் விடாதீங்க. சூடா வெச்சுக்குங்க. உப்பும் சர்க்கரையும் கலந்த வெதுவெதுப்பான தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க. விட்டுறாதீங்க."

மயிலாத்தாள் கன்றை விறகுக் கொட்டகைக்குத் தூக்கிப் போனாள். வைக்கோலைக் குவித்து, தன் சேலை ஒன்றை விரித்து, அதன்மேல் படுக்க வைத்தாள். தண்ணீரைக் காய்ச்சுவதும் ஆற்றுவதும் ஊட்டுவதுமாகவே பொழுது போனது. மறுநாள் மதியம் கன்று தலையைத் தூக்கவில்லை. விரலைக் கொடுத்தால் சப்பவில்லை.

அவள் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எந்திரி சாமி. எந்தங்கமல்ல. எங்கண்ணல்ல நீயி. ஒரு வாய் குடிச்சுரு ராசாத்தி. அம்மா சொல்றனல்ல... அம்மா பேச்சைக் கேளு சாமி..."

மழை கொட்டகைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ நிற்பதுபோல் தோன்றியது. வாசலில் சாமியம்மா நனைந்துகொண்டு நின்றிருந்தார். தலையில் புல்லுக்கட்டு.

"இப்படியெல்லாம் கூப்புடத் தெரியுமாக்கா உங்களுக்கு?"

மயிலாத்தாளுக்கு வெட்கமாகிவிட்டது.

"என்னமோ... வாயில வந்துச்சுங்க."

"சுகந்திக்கு ஒடம்புக்கு முடியாம ஆகியிருக்குமல்ல?"

"ஆகாமயா? ஒருக்கா அம்மை போட்டுப் பொழைக்குமா பொழைக்காதான்னு ஆயிருச்சு. வேப்பந்தழையில படுக்க வெச்சு நான்தான் கூடவே உக்காந்திருந்தேன். சோறுதண்ணி எறங்கலை எனக்கு."

"அப்ப என்னன்னு கூப்புட்டீங்க?"

மயிலாத்தாள் யோசித்தாள்.

"சுகந்தின்னுங்க."

மயிலாத்தாள் கன்றின் காதைத் தடவினாள். தடவத் தடவப் பேச்சு தானாக வந்தது.

"அவளைப் பெத்தவ பூவாத்தான்னு கூப்புடுவாளாமுங்க. எம்புருசன் ஒருக்கா சொன்னாரு. நான் வந்த புதுசுல ஒரு நாள் அந்தப் பேரு என் வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா அது செத்துப்போனவ வெச்ச பேரு. நான் எடுத்துக் கூப்புட்டு, 'நீ ஒண்ணும் எங்கம்மா இல்லை'ன்னு புள்ள சொல்லிருச்சுன்னா? பயமுங்க. தொடவே கூடாதுன்னு விட்டுட்டேன். நானா வேற ஒரு செல்லப் பேரு வெக்கவும் தைரியம் வரலை."

"அவங்கப்பா கூப்புடுவாரா?"

"அந்தம்மா போனதுல இருந்து அவரு வாயில அந்தப் பேரே வரலீங்க."

"வேற யாராச்சும்?"

"யாரு இருக்கறா? ஒருத்தருமில்லீங்க."

சாமியம்மா புல்லுக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டார்.

"அப்ப அன்னைக்கு அந்த வீட்டுல போனது ஒரு உசுரு மட்டுமில்லைக்கா."

"என்னங்க சொல்றீங்க?"

அவர் மழைக்குள் போய்விட்டார்.

*

மயிலாத்தாளுக்கு அது விளங்கவில்லை. விளங்காமலே ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் மழை விட்டது. பால் குடிக்க விடும் நேரம் வந்தது. கட்டுத்தறியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தொண்டைக்குள்ளேயே உருண்டு வரும் சத்தம். ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

செவலை.

மடியில் கிடந்த கன்றின் காது அந்தப் பக்கம் திரும்பியது. மயிலாத்தாள் விரலை வாயில் வைத்தாள். கன்று சப்பியது. பலமில்லாமல், ஆனால் விடாமல்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கழிச்சல் குறைந்துகொண்டே வந்தது. கன்று முன்னங்காலை மடக்கி எழப் பார்த்து விழுந்தது. பிறகு நின்றது. ஒரு காலைப் பொழுதில் மயிலாத்தாள் அதைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தறிக்குப் போனாள். கால் கட்டும் கயிற்றைக் கையில் எடுத்தாள். சாமியம்மா அங்கேதான் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

"கயிறு வேண்டாம்க்கா."

"ஒதைச்சுருவாளுங்க. இது இன்னும் தேறலை."

"வேண்டாம்."

மயிலாத்தாள் பயந்துகொண்டே கன்றைக் கீழே விட்டாள். அது தள்ளாடியபடி வாசலிலேயே நின்றது. உள்ளே போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

செவலை சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

மோந்து பார்க்கவில்லை. கன்று அவ்வளவு கிட்டே இல்லை. இருந்த இடத்திலிருந்தே, மூடிய வாயோடு கூப்பிட்டாள்.

கன்று தலையை நிமிர்த்தி மெல்லிய குரலில் "ம்மே" என்றது. பிறந்ததிலிருந்து அது குரல் கொடுத்ததை மயிலாத்தாள் கேட்டதே இல்லை. கால் இடற இடறச் செவலையை நோக்கிப் போனது. செவலை அதன் நெற்றியில் நாக்கை வைத்தாள்.

மயிலாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஏழு வயசுப் பிள்ளை ஒன்று அவள் கண்முன் வந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசற்படியில் நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே வராது. பையைத் தோளில் மாட்டியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். "உள்ள வா சுகந்தி, சாப்புடு" என்பாள் மயிலாத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்புறம்தான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வரும். நாள் தவறாமல் அப்படித்தான். அழுத்தக்காரப் பிள்ளை, ஒட்டாத பிள்ளை என்று அன்றைக்கு நினைத்தாள்.

எதற்காக நின்றது அது?

கையிலிருந்த கயிறு நழுவிக் கீழே விழுந்தது.

"சாமியம்மா," என்றாள். "அந்தப் புள்ள... அந்தப் புள்ள அங்கேயே நின்னுக்கிட்டு..."

சாமியம்மா சாணிக்கூடையோடு நிமிர்ந்தார். மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பாறை மேல போனா சிக்னல் கிடைக்கும்க்கா."

*

போன் துணிப்பையின் அடியில் அணைந்து கிடந்தது. சார்ஜ் ஏறும்வரை மயிலாத்தாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சாணிக் கையைக் கழுவ மறந்து அப்படியே பாறைமேல் ஏறினாள்.

மணி அடித்ததும் எடுத்துவிட்டாள் சுகந்தி.

"சொல்லுங்க சின்னம்மா. எங்க போயிட்டீங்க? எத்தனை தடவை அடிக்கறது? வீடும் பூட்டிக் கெடக்குதுன்னாங்க."

மயிலாத்தாளுக்கு மூச்சு வாங்கியது.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில வந்து சேரச் சொல்லிட்டாங்க," என்றாள் சுகந்தி. எப்போதும்போல அளந்த பேச்சு. "உங்ககிட்டச் சொல்லணும்னுதான் அடிச்சேன். நீங்க அலைய வேண்டாம். இவங்க பாத்துக்குவாங்க."

கால் வீங்கியிருக்கிறதா, சாப்பிட்டாயா, பயமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்து வந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அத்தனை வருடமாகப் பயந்து பயந்து தொண்டையிலேயே வைத்திருந்தது மட்டும்தான் வந்தது.

"பூவாத்தா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை. திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள். காற்று அடித்தது. நீ ஒன்றும் எங்கம்மா இல்லை என்ற பதிலுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

மூச்சு உடைகிற சத்தம் கேட்டது.

"சின்னம்மா..."

"என்ன சாமி?"

"இன்னொருக்கா கூப்புடு."